கொழும்பில் கரண்டும் காஸும்: ஒரே விலையா, ஏறி இறங்கும் விலையா?

லண்டனில் இருக்கும் மச்சான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கேட்டார்: "நாங்கள் கரண்டையும் காஸையும் ஒரு வருஷத்துக்கு ஃபிக்ஸ் பண்ணிப்போட்டம். நீங்களும் அப்பிடிச் செய்யலாந்தானே?" அங்கே அது சாதாரண விஷயம். ஒரு கம்பனியோடு பன்னிரண்டு மாதத்துக்கு விலையைப் பேசி முடிப்பார்கள், இடையில் விலகினால் தண்டம் கட்ட நேரலாம். பேசி முடிக்காதவர்களுக்கு, கம்பனி கேட்கக்கூடிய அதிகபட்ச விலை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மாறும். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நான் சொன்ன பதில், "இங்கே அதுக்கு ஒரு கவுண்டரே இல்லை."

போனை வைத்த பிறகுதான் அது பாதி உண்மை என்று பட்டது. வாடகை வீட்டில் "யூனிட்டுக்கு இவ்வளவு" என்று வீட்டுக்காரர் சொல்வது ஒரே விலை. நேரத்துக்கு நேரம் மாறும் கட்டணம் என்று ஒன்று மின்சாரத்தில் இருக்கிறது, அது ஆடும் விலை. காஸில் சமைப்பதா, இன்டக்ஷன் அடுப்புக்கு மாறுவதா என்பதும் இதே கேள்விதான். கூரையில் சோலார் போட்டால் இருபது வருட ஒப்பந்தம். ஆக, தெரிவு இருக்கிறது. இவை எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே ஒரு எண்: இந்த மாதம் நீங்கள் பாவித்த கடைசி யூனிட்டுக்கு என்ன விலை கொடுத்தீர்கள்? சராசரி விலையைப் பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

விலை எப்படி ஆடுகிறது

2014 செப்டம்பரில் குறைக்கப்பட்ட வீட்டுக் கட்டணம் 2022 ஓகஸ்ட் வரை அசையவே இல்லை. அந்த எட்டு வருடமும் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நிலையான விலை, யாரும் கையெழுத்துப் போடாமலே. அதன் கடனையும் சேர்த்துத்தான் பிறகு கட்டினோம். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதம் கூடியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். ஜூலையில் 14.2 வீதம் இறங்கி ஒக்டோபரில் 18 வீதம் ஏறியது. 2024 மார்ச்சில் 21.9, ஜூலையில் 22.5, 2025 ஜனவரியில் 20 வீதம் என்று மூன்று தடவை இறங்கி, 2025 ஜூனில் 15 வீதம் ஏறியது. எட்டு வருடம் அசையாத பட்டியல் மூன்று வருடத்துக்குள் எட்டுத் தடவை மாறிவிட்டது.

காரணம் பெரிய மர்மம் இல்லை. மலையகத்தில் மழை பெய்து காசல்ரீ, மவுசாகலை, விக்டோரியா நீர்த்தேக்கங்கள் நிறைந்தால் செலவு இறங்கும். மழை பொய்த்தால் நுரைச்சோலை நிலக்கரியும் எரியெண்ணெயும் டொலர் கொடுத்து வாங்கி எரிக்கவேண்டும். 2022இல் ரூபா விழுந்தபோது அந்த டொலரின் விலை என்ன ஆனது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

விலையை அங்கீகரிப்பது பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2025இல் நகருக்குள் மின்சார சபையின் இணைப்பு, நுகேகொடை, கோட்டே, மொறட்டுவைப் பக்கம் லெகோ என்ற இன்னொரு மின் விநியோகக் கம்பனி. யாருடைய பில் வந்தாலும் வீட்டுக் கட்டணம் ஒன்றுதான், ஆகையால் கம்பனி மாற்றி மிச்சம் பிடிக்கும் பேச்சுக்கு இடமில்லை.

படி 1: கடைசி யூனிட்டைக் கண்டுபிடியுங்கள்

2025 ஜூன் 12 முதல் வந்த பட்டியலை வைத்துக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் வாசிக்கும்போது புதிய பட்டியல் வந்திருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், முறை மாறாது.

மாதம் 60 யூனிட்டுக்குள் என்றால் முதல் 30 யூனிட்டுக்கு 4.50 ரூபா, அடுத்த 30க்கு 8 ரூபா. 60ஐத் தாண்டினால் வேறு பட்டியல்: முதல் 60 யூனிட்டும் 12.75, 61 முதல் 90 வரை 18.50, 91 முதல் 120 வரை 24, 121 முதல் 180 வரை 41, அதற்கு மேல் 61 ரூபா. இதோடு மாதாந்த நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறும்: 80, 210, 400, 1,000, 1,500, 2,100. சமூகப் பாதுகாப்பு வரி தனி. கணக்கு எளிதாக இருக்க அதைக் கீழே எங்கும் சேர்க்கவில்லை.

இப்போது ஒரு சின்ன வேலை. 60 யூனிட்டுக்கு 585 ரூபா வருகிறது. 61 யூனிட்டுக்கு? 1,183.50. அந்த ஒரு யூனிட்டின் விலை கிட்டத்தட்ட 600 ரூபா! 90இலிருந்து 91க்குப் போனால் 624 ரூபா, 120இலிருந்து 121க்கு 541, 180இலிருந்து 181க்கு 661. படிக்கட்டு என்று சொல்கிறோம், உண்மையில் இது மொட்டைமாடி விளிம்பு.

தெஹிவளையில் இருக்கும் சின்னம்மா இதை எனக்கு முன்னமே கண்டுபிடித்துவிட்டார். பிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கிறார். அதில் நான்கு எண்கள் மட்டும்: 2, 3, 4, 6. ஒரு நாளைக்கு இரண்டு யூனிட் என்றால் மாதம் 60, மூன்று என்றால் 90, நான்கு 120, ஆறு 180. பில் 30 நாளுக்கு வராமல் 33 நாளுக்கு வந்தாலும் இந்த எண்கள் சரியாகவே இருக்கும், ஏனென்றால் விலைப் படிகளும் நாள் கணக்குக்கு ஏற்ப நீளும். பத்து நாளைக்கு ஒரு தடவை மீட்டரைப் பார்த்து, போன தடவை எண்ணைக் கழித்து, பத்தால் பிரிப்பார். 4.2 என்று வந்தால் அன்றிலிருந்து மூன்று நாளைக்கு அயன் பண்ணுவது நிற்கும். சித்தப்பா கசங்கிய சேர்ட்டோடு கோயிலுக்குப் போவார்.

மீட்டரில் சிவப்பு இலக்கம் இருந்தால் அது தசம ஸ்தானம், அதை விட்டுவிட்டு வாசியுங்கள்.

படி 2: மீட்டர் எத்தனை குடும்பத்துக்கு?

கொழும்பில் எங்கள் ஆட்கள் அதிகம் பணம் விடும் இடம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, பம்பலப்பிட்டி எங்கும் அனெக்ஸ் வாடகை. கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக் குடும்பம், வாசலில் ஒரே மீட்டர். உள்ளே ஒரு சின்ன சப்-மீட்டர்.

வாடகை பேசும்போது இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, "யூனிட்டுக்கு 60 ரூபா, எவ்வளவு எரிச்சாலும் அதுதான்." மற்றது, "வருகிற பில்லைப் பாவிச்ச அளவுக்குப் பங்கு போடுவம்." முதலாவது நிலையான விலை, இரண்டாவது ஆடும் விலை. எது நல்லது?

எண் வைத்துப் பார்ப்போம். கீழே 230 யூனிட், மேலே 70 யூனிட், மொத்தம் 300. ஒரே மீட்டரில் பில் 13,920 ரூபா. சராசரி யூனிட் 46.40. பங்கு போட்டால் மேல்வீட்டுக்கு 3,248 ரூபா, 60 ரூபா வீதம் பேசியிருந்தால் 4,200. ஆகையால் பங்கு போடுவதே நல்லது என்று தோன்றும். ஆனால் அது இந்த மாதத்துக் கதை. கீழ்வீட்டில் ஏசி பூட்டினால் சராசரி ஏறும், உங்கள் பங்கும் சேர்ந்து ஏறும், நீங்கள் ஒரு பல்புகூட அதிகம் போடாமலே. கீழே குழந்தைகளும் வயதானவர்களும் இருந்து ஏசி வரப்போகிறது என்று தெரிந்தால், நிலையான விலையை 50 ரூபாவுக்குக் குறைத்துப் பேச முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் அதையே எடுக்கலாம். கட்டணம் இறங்கும்போது அதுவும் இறங்கும் என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை அந்த வரி இல்லாமல் கையெழுத்துப் போட்டு, 2024இல் ஊரெல்லாம் கட்டணம் இறங்கியபோதும் பழைய விலையையே கட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரில் பிழையில்லை, கேட்காதது நான்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 60 ரூபா கேட்கும் வீட்டுக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று அவசரப்பட்டு நினைக்கவேண்டாம். அவருடைய கடைசி யூனிட் 61 ரூபா. நீங்கள் குடிவந்ததால் அவருக்குக் கூடிய செலவு 70 தடவை 61, அதாவது 4,270. அவர் உங்களிடம் வாங்குவது அதைவிடக் குறைவு. குற்றவாளி அந்த ஒற்றை மீட்டர்.

அதே 300 யூனிட்டை இரண்டு மீட்டரில் பிரித்தால்? 230 யூனிட்டுக்கு 9,650, 70 யூனிட்டுக்கு 1,350, மொத்தம் 11,000. மாதம் 2,920 ரூபா மிச்சம். புதிய இணைப்புக்கு ஆகும் செலவை வீட்டுக்காரரோடு பாதிப் பாதி போட்டாலும் நெடுநாள் இருக்கப்போகிறவருக்கு அது நட்டமில்லை. தனி வாசல், தனிச் சமையலறை இருக்கிறதா, மாநகரசபை வரி இலக்கம் தனியாக வேண்டுமா என்பதை உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் முதலே கேட்டுவிட்டு வீட்டுக்காரரிடம் பேசுங்கள். கையில் இந்த இரண்டு எண்ணையும், 13,920ஐயும் 11,000ஐயும், எழுதிக்கொண்டு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

படி 3: நேரக் கட்டணம் உங்களுக்கா?

ஒரு நாளை மூன்றாக வெட்டி மூன்று விலை வைப்பது இந்தத் திட்டம். காலை 5.30 முதல் மாலை 6.30 வரை பகல் விலை. 6.30 முதல் இரவு 10.30 வரை உச்ச விலை. 10.30 முதல் விடிய 5.30 வரை மலிவு விலை. படி கிடையாது, விளிம்பும் கிடையாது. கேட்டவுடன் பலருக்கும் ஆசை வரும்: "இரவிலே துணி தோய்த்தால் போயிற்று!"

பொறுங்கள். 2022 வரை அசையாமல் இருந்த அந்தப் பழைய பட்டியலில் இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுகிறேன். அதில் நேரக் கட்டணம் பகலுக்கு 25, உச்சத்துக்கு 54, இரவுக்கு 13, நிலையான கட்டணம் 540. சாதாரணப் படிகள் 7.85, 10, 27.75, 32, 45, உச்சப் படியின் நிலையான கட்டணமும் அதே 540.

200 யூனிட் வீடு: சாதாரணப் பட்டியலில் 4,963 ரூபா. நேரக் கட்டணத்தில் உச்சத்தில் 70, பகலில் 80, இரவில் 50 யூனிட் என்று வைத்தால் 6,970. இரண்டாயிரம் நட்டம். சரி, பாடுபட்டு உச்சத்தை 40, பகலை 70 ஆக்கி இரவை 90 ஆக்கினாலும் 5,620. இன்னும் நட்டம்தான்.

400 யூனிட் வீடு: சாதாரணப் பட்டியலில் 13,963. பழக்கத்தை மாற்றாமல் உச்சத்தில் 140, பகலில் 160, இரவில் 100 என்றால் 13,400. மீட்டர் மாற்றும் அலைச்சலுக்கு மிச்சம் 560 ரூபா. ஆனால் மின்சாரக் காரை இரவில் சார்ஜ் பண்ணி, படுக்கையறை ஏசியைப் பத்தரைக்குப் பிறகு போட்டு, உச்சத்தை 80க்கும் பகலை 140க்கும் இறக்கி இரவை 180 ஆக்கினால் 10,700. மாதம் 3,260 ரூபா மிச்சம்.

ஏன் இப்படி? சாதாரணப் பட்டியலில் முதல் 60, 90 யூனிட் மலிவாகக் கிடைக்கிறது. நேரக் கட்டணத்துக்கு மாறும்போது அந்த மலிவை விட்டுக்கொடுக்கிறோம். பெரிய வீட்டுக்கு அது கொசுறு, சின்ன வீட்டுக்கு அதுதான் எல்லாம்.

இன்றைய விலையை வைத்து இதே கணக்கைச் செய்யுங்கள். மூன்று நேரத்தின் யூனிட்டையும் அறிய ஒரு வழி: ஒரு வாரம், காலை 5.30, மாலை 6.30, இரவு 10.30 மூன்று வேளையும் போனில் மீட்டரைப் படம் எடுங்கள். விடிய எழும்ப முடியாதவர்கள் படுக்கும்போதும் எழும்பியவுடனும் எடுத்தால் போதும். உச்ச நேரத்து யூனிட் மொத்தத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இருந்தால் என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். எங்கள் வீடுகளில் அந்த நான்கு மணித்தியாலத்தில்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள், டிவி ஓடுகிறது, மிக்ஸி சுற்றுகிறது, வேலையால் வந்தவர் வெந்நீரில் குளிக்கிறார். அதை மாற்றச் சொல்லும் பட்டியல் குடும்பத்தையே மாற்றச் சொல்கிறது.

இந்தத் திட்டம் பெரிய இணைப்பு உள்ள வீடுகளை மனதில் வைத்து வந்தது. உங்கள் வீடு சிங்கிள் பேஸ், அதாவது சின்ன இணைப்பு என்றால் கிடைக்குமா, மீட்டர் மாற்ற யார் செலவு, பிடிக்காவிட்டால் பழையதற்குத் திரும்ப முடியுமா என்ற மூன்றையும் விண்ணப்பத்துக்கு முன் கேளுங்கள்.

படி 4: காஸா, இன்டக்ஷனா?

காஸில் பேரம் கிடையாது. ஒரு சில அடுக்குமாடிகளில் குழாயில் வரும், மீட்டர் ஓடும். மற்ற எல்லோருக்கும் நீலச் சிலிண்டர் லிட்ரோ, மஞ்சள் லாஃப்ஸ். 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2021 ஒக்டோபரில் 1,493 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 2,750க்குத் தாவியது. 2022 ஏப்ரலில் 4,860. 2023 ஜூலையில் 2,982க்கு இறங்கியது. 2025இல் கொழும்பில் பல மாதம் 3,690 ரூபாவில் நின்றது. அதை வைத்தே கணக்கு.

அந்தச் சிலிண்டரில் இருக்கும் சூடு ஏறத்தாழ 160 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் சட்டிக்குள் போவது பாதிதான், மிச்சம் சட்டியின் பக்கத்தால் ஏறிச் சமையல்காரரைச் சுடுகிறது. இன்டக்ஷனில் 85 வீதம் அளவுக்குச் சட்டிக்குப் போகும். ஆக ஒரு சிலிண்டரின் வேலையை 94 யூனிட் கரண்ட் செய்யும். 3,690ஐ 94ஆல் பிரித்தால் 39 ரூபா. உங்கள் கடைசி யூனிட் 39 ரூபாவுக்குக் கீழே என்றால் இன்டக்ஷன், மேலே என்றால் காஸ். 41ஐயும் 61ஐயும் நினைத்துப் பாருங்கள்.

விளிம்பை மறக்கக்கூடாது. 45 நாளைக்கு ஒரு சிலிண்டர் பிடிக்கும் வீட்டுக்குக் காஸ் செலவு மாதம் 2,460. அதை இன்டக்ஷனுக்கு மாற்றினால் மாதம் ஏறத்தாழ 62 யூனிட் கூடும். 50 யூனிட் வீடு 112 ஆகும், பில் 505இலிருந்து 2,848க்கு ஏறும். 2,343 கூடுதல், காஸோடு ஏறத்தாழச் சமம். 100 யூனிட் வீடு 162 ஆகும், 2,702 கூடுதல், காஸே மலிவு. 190 யூனிட் வீட்டுக்கு 3,782. யோசிக்கவே வேண்டாம்.

அத்தோடு இன்டக்ஷனில் மண்சட்டி வைக்க முடியாது, அலுமினியப் பானையும் ஏறாது. மீன் குழம்பை மண்சட்டியில்தான் வைப்பேன் என்கிற வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காமல் விடுவது நல்லது.

நான் காஸைப் பிரதானமாக வைத்து, ஒரு சின்ன இன்டக்ஷன் அடுப்பைப் பரணில் வைத்திருக்கிறேன். 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்குப் பரண் அடுப்பின் அருமை தெரியும். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த வேலையால் நாடே இருண்டபோது காஸின் அருமை தெரிந்தது.

படி 5: கூரை இருந்தால்

கொழும்பில் மின்சாரம் தருபவரோடு உண்மையாகவே எழுதிக் கையெழுத்திடும் நிலையான விலை சோலாரில் மட்டும்தான் உண்டு. 2016இல் வந்த திட்டத்தில் இருபது வருட ஒப்பந்தம்: உங்கள் மிச்ச மின்சாரத்தை முதல் ஏழு வருடம் யூனிட் 22 ரூபாவுக்கு வாங்குவார்கள், பிறகு 15.50க்கு. நிலையான விலைக்குள்ளும் ஒரு படி இருந்ததைக் கவனியுங்கள். பிறகு சேர்ந்தவர்களுக்கு விலை வேறு, ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் ஒப்பந்தத்தைப் பார்த்துக் கணக்குப் போடவேண்டாம்.

இலாபம் விற்பதில் இல்லை. உங்கள் 61 ரூபா யூனிட்டை நீங்களே உற்பத்தி செய்து தவிர்ப்பதில் இருக்கிறது. எனவே 180க்கு மேல் எவ்வளவு பாவிக்கிறீர்களோ அதை ஒட்டியே தகடு போடுங்கள். மாதம் 100 யூனிட் வீட்டுக்காரரிடம் பெரிய தொகுதியைத் தள்ளிவிடப் பார்க்கும் விற்பனையாளரிடம் "என் கடைசி யூனிட் என்ன விலை?" என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், குரல் இறங்கும். 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை குறைந்ததால் கூரைச் சோலாரைப் பகலில் நிறுத்தி வைக்கச் சொன்னார்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். பிளட்டில் இருப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடலாம், மொட்டைமாடி எல்லோருக்கும் பொது.

எப்போது திரும்பக் கணக்குப் பார்ப்பது?

ஆணைக்குழு புதிய பட்டியல் அறிவிக்கும் வாரத்தில் ஒரு தடவை, காஸ் விலை மாறினால் ஒரு தடவை, வீட்டில் ஆள் கூடினாலோ குறைந்தாலோ ஒரு தடவை. கால் மணித்தியால வேலை. மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதம் வந்து நிற்கிறாள் என்றால் அந்த மூன்று மாதத்தையும் கணக்கில் எடுக்காதீர்கள். பழைய பில்களில் அதற்கு முந்திய ஆறு மாதத்தைப் பாருங்கள்.

மச்சானுக்கு அன்றிரவே சின்னம்மாவின் காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். 2, 3, 4, 6. "இது என்ன, லொத்தரா?" என்று கேட்டு எழுதியிருந்தார்.